சென்சாரைத் துடைப்பது யார்?

2023 ஜூலை 24, திங்கட்கிழமை மாலை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத் தென்கோடியில், எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்கும் கீ லார்கோ தீவுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது மானட்டீ வளைகுடா. அங்கே தண்ணீருக்குள் சுமார் 5 அடி ஆழத்தில் இருந்த ஒரு சென்சார் 101.1 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. செல்சியஸில் 38.4. பிள்ளையின் அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் இந்த எண்ணைக் காட்டினால் பாரசிட்டமால் தேடுவோம்.

மறுநாளே அந்த எண் உலகம் சுற்றியது. 'பூமியிலேயே மிகச் சூடான கடல்' என்று தலைப்புகள் வந்தன. அதற்கு முன் அப்படிப் பேசப்பட்டது குவைத் வளைகுடாவில் 2020-ல் பதிவான 37.6 டிகிரி செல்சியஸ். அதை ஃப்ளோரிடா முந்திவிட்டதா என்ற பட்டிமன்றம் நடந்தது. வானிலை ஆய்வாளர் ஜெஃப் மாஸ்டர்ஸ் போன்றவர்கள் கையை உயர்த்தி நிறுத்தினார்கள். மானட்டீ வளைகுடா கரையை ஒட்டிய ஆழமில்லாத நீர். இலை தழை மக்கிய கசடும் சேறும் கலந்து இருண்டிருக்கும். இருண்ட நீர் வெயிலை அதிகமாகக் குடிக்கும். இதைத் திறந்த கடலோடு எப்படி ஒப்பிடுவது என்பது அவர்கள் கேள்வி.

இன்னொரு பக்கம், பருவநிலை மாற்றமே கட்டுக்கதை என்பவர்களுக்கு இது அவல் கிடைத்த கதையானது. கருவி கெட்டுப்போயிருக்கும், கடலில் நிறுத்திய இத்தகைய அளவீட்டு மிதவைகள் சொல்வது எதையும் நம்பக் கூடாது என்றார்கள். ஆனால் சென்சார் பழுது என்று சொல்ல முகாந்திரம் இல்லை. அக்கம்பக்கத்து நிலையங்களும் அந்த வாரம் ஃபாரன்ஹீட்டில் தொண்ணூறுகளின் உச்சியில்தான் இருந்தன. எண் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது பவளங்களின் எண் அல்ல. பவளத்திட்டு இருப்பது தீவுச்சரத்தின் மறுபக்கம், அட்லாண்டிக்கைப் பார்த்த திசையில். அங்கே நீர் அவ்வளவு சூடாகவில்லை. அவ்வளவு சூடாக வேண்டிய அவசியமும் இல்லை. பவளத்தைக் கொல்ல 38 டிகிரி தேவையில்லை. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே போதும்.

அதே ஜூலையில் சோம்ப்ரேரோ திட்டில் தாங்கள் நட்டு வளர்த்த பவளங்கள் முழுவதும் இறந்துவிட்டதாகப் பவள மீட்பு அறக்கட்டளை அறிவித்தது. சீக்கா ராக்ஸ் திட்டில் முக்குளித்தவர்கள் பார்த்த பவளங்களெல்லாம் வெளுத்திருந்தன. நாற்றங்கால்களில் வளர்த்த பவளத் துண்டுகளை அவசர அவசரமாக எடுத்துவந்து லாங் கீ தீவின் ஆய்வகத் தொட்டிகளில் போட்டார்கள். 2025-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த கணக்கு இன்னும் கொடூரமானது. மான்கொம்பு, எல்க்கொம்பு எனப்படும் இரண்டு பவள இனங்களில் 97.8 முதல் 100 விழுக்காடு வரை ஃப்ளோரிடா கீஸ், ட்ரை டோர்ட்டுகாஸ் பகுதிகளில் அழிந்துவிட்டன.

ஆக, உலகம் முழுக்கப் பேசியது ஓர் எண்ணைப் பற்றி. சாவு நடந்தது வேறு இடத்தில், வேறு எண்களில். பவளத்திட்டு மிதவைகள் எந்த அளவுக்கு நம்பகமானவை என்று கேட்டால் பெரும்பாலும் கருவியின் துல்லியத்தைப் பற்றிப் பதில் வருகிறது. அது பாதிப் பதில். கருவி எங்கே இருக்கிறது, எவ்வளவு நாளாகத் தண்ணீரில் கிடக்கிறது, கடைசியாக யார் போய்ப் பார்த்தார்கள் என்பது மீதிப் பாதி. அந்த மீதியைப் பற்றித்தான் யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை.

அரை டிகிரியின் விலை

பவள வெளுப்பை முன்கூட்டிச் சொல்வதில் உலகத்துக்கே வழிகாட்டி, அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகமான 'நோவா'வின் பவளத்திட்டுக் கண்காணிப்புப் பிரிவு. அவர்கள் கணக்கு எளிமையானது. ஓரிடத்தின் மிகச் சூடான மாதத்துச் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். நீர் அதைவிட ஒரு டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ சூடானால், அந்தக் கூடுதலை வாரக் கணக்கில் கூட்டிக்கொண்டே போகிறார்கள். கடைசி 12 வாரங்களின் கூட்டல் 4-ஐத் தொட்டால் வெளுப்பு எதிர்பார்க்கலாம். 8-ஐத் தொட்டால் கடும் வெளுப்பும் சாவும்.

இந்தக் கணக்கை செயற்கைக்கோள் பார்க்கும் மேற்பரப்பு வெப்பநிலையைக் கொண்டு போடுகிறார்கள். செயற்கைக்கோளுக்குத் தெரிவது நீரின் மேல்தோல் மட்டுமே. பவளம் இருப்பதோ சில மீட்டர் கீழே. மேலே பார்த்ததும் கீழே இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று சொல்லக் கடலுக்குள் ஒரு சாட்சி வேண்டும். மிதவையும் திட்டின்மீது கட்டிவைத்த வெப்பப் பதிவுக் கருவிகளும்தான் அந்தச் சாட்சி.

சாட்சி அரை டிகிரி பிசகினால் என்ன ஆகும்? ஒரு திட்டில் நீர் உண்மையில் 0.6 டிகிரி மட்டுமே கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரிக்குக் கீழே என்பதால் கணக்கில் சேராது, மொத்தம் பூஜ்யம். சென்சார் 0.5 டிகிரி கூட்டிக் காட்டினால் அது 1.1 ஆகிறது. நான்கு வாரத்தில் கணக்கு 4.4. ஒன்றுமே நடக்காத திட்டுக்கு வெளுப்பு எச்சரிக்கை போய்விடும். குறைத்துக் காட்டினால் இதற்கு நேர்மாறு: பவளம் வெந்துகொண்டிருக்கும்போது பலகையில் பூஜ்யம்.

நல்லவேளையாக, மிதவையில் இருக்கும் கருவிகளிலேயே ஓரளவுக்கு நாணயமானது வெப்பநிலை சென்சார்தான். அதன்மேல் எது ஒட்டினாலும் உணர்வது கொஞ்சம் தாமதமாகுமே தவிர, அளவு பெரிதாக மாறாது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. ஆழமில்லாத தெளிந்த நீரில் வெயில் நேராகக் கருவியின் உடம்பில் பட்டால் கருவியே சூடாகிவிடும். சுற்றியுள்ள நீரை விட்டுவிட்டுத் தன் சூட்டையே அளக்கத் தொடங்கும். பவளத்திட்டில் வைத்த பதிவுக் கருவிகளுக்கு இது நேர்வதை ஹவாயில் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். பரிகாரம் சாதாரணமானது, வெள்ளை நிறத்தில் ஒரு நிழல் மறைப்பு. ஆனால் பழைய பதிவுகளில் எதற்கு மறைப்பு இருந்தது, எதற்கு இல்லை என்று குறித்து வைத்திருந்தால்தான் அந்த எண்களை இன்று பயன்படுத்த முடியும்.

மற்ற சென்சார்களின் கதை இவ்வளவு சுலபமில்லை.

கருவியின் மேலேயே ஒரு திட்டு

கடலில் எதைப் போட்டாலும் அதன்மேல் உயிர் ஒட்டும். தண்ணீரில் விழுந்த சில மணி நேரத்துக்குள் கரிமப் பொருள்கள் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அதன்மேல் பாக்டீரியா குடியேறுகிறது. சில நாட்களில் வழுவழுப்பான படலம். பிறகு பாசி. பிறகு கொட்டலசு, குழாய்ப்புழு, கடற்பாயலின் பிஞ்சுகள். சில வாரம் விட்டால் சென்சார் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். குளிர்ந்த கடலில் மாதக்கணக்கில் நடப்பது வெப்பமண்டலத்தில் வாரக்கணக்கில் நடந்துவிடும்.

பவளத்திட்டில் இது இன்னும் மோசமாக இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. திட்டு என்பதே கடினமான பரப்பைத் தேடி ஒட்டிக்கொள்ளும் உயிர்களின் ஊர். ஒட்ட இடம் தேடி லார்வாக்கள் நீரில் சதா மிதந்துகொண்டிருக்கின்றன. அங்கே பளபளப்பான டைட்டானியக் குழாயும் கண்ணாடி ஜன்னலும் கொண்டுபோய் வைப்பது அவற்றுக்குக் குடியிருப்பு கட்டித் தருவதுதான்.

விஷயம் சென்சார் அழுக்காவது மட்டுமானால் பரவாயில்லை. ஒவ்வொரு சென்சாரும் ஒவ்வொரு திசையில் பொய் சொல்லத் தொடங்குகிறது. உப்புத்தன்மையை நீரின் மின்கடத்தும் திறனிலிருந்து கணக்கிடுகிறார்கள். அந்தச் சிறு குழாய்க்குள் ஏதாவது வளர்ந்து இடத்தை அடைத்தால் மின்சாரம் போகும் வழி குறுகும். உப்பு குறைந்ததுபோலத் தெரியும். மழையே பெய்யாத மாதத்தில் வரைபடம் ஆற்று வெள்ளம் வந்ததாகச் சொல்லும். கலங்கலை அளக்கும் சென்சார் ஒளியைப் பாய்ச்சி, துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கிறது. ஜன்னலில் படலம் பிடித்தால் அதிலேயே ஒளி சிதறித் திரும்பும்; தெளிந்த நீர் சேறாகத் தெரியும். படலம் இன்னும் தடித்தால் ஒளியே வெளியே போகாது. சேறு தெளிந்த நீராகத் தெரியும். ஒரே அழுக்கு, வாரத்துக்கு ஒரு பொய்.

இருப்பதிலேயே நுட்பமான பொய் ஆக்சிஜனுடையது. சென்சாரின் மேல் வளர்ந்த பாசி பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதுவும் அதனோடு குடியிருக்கும் பாக்டீரியாவும் ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன. சென்சார் அளப்பது அந்தச் சின்னக் குடியிருப்பின் மூச்சை. இதில் சிக்கல் என்னவென்றால், பவளத்திட்டு முழுவதும் பகலிரவாக மூச்சுவிடுவதும் இதே தாளத்தில்தான். பகலில் ஏற்றம், இரவில் இறக்கம். வரைபடத்தைப் பார்த்தால் பாடநூலில் உள்ளதுபோல அழகாக இருக்கும். அது திட்டின் மூச்சா, கண்ணாடியில் ஒட்டிய பாசியின் மூச்சா என்று அந்த ஒரு வரைபடத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

உள்ளே நுட்பமும் மாறியிருக்கிறது. முன்பு சவ்வும் மின்முனையும் கொண்ட பழைய வகை ஆக்சிஜன் சென்சார்கள் இருந்தன. அவை அளக்கும்போதே ஆக்சிஜனைச் செலவழிப்பவை. நீரோட்டம் நின்றால் தப்பாகக் காட்டும். இப்போது பெரும்பாலும் ஒளியால் அளக்கும் வகை. ஒரு சாயப்பூச்சின் மேல் ஒளி பட்டு அது மினுங்கும். ஆக்சிஜன் இருந்தால் மினுக்கம் தணியும். கடலில் இது நன்றாகவே நிலைத்து நிற்கிறது. ஆனால் விந்தையாக, பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருக்கும்போது உணர்திறன் ஆண்டுக்குச் சில விழுக்காடு குறைகிறது. போன ஆண்டு தொழிற்சாலைச் சான்றிதழோடு வந்ததை இன்று பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கடலில் இறக்கினால், முதல் நாளிலிருந்தே குறைத்துக் காட்டும்.

அழுக்கை விரட்டச் செய்யும் வேலைகள் பலவிதம். சென்சாரைச் சுற்றிச் செம்புக் கவசம் போடுகிறார்கள். செம்பு மெல்லக் கரைந்து ஒட்டவரும் உயிரைக் கொல்லும். கார் கண்ணாடிக்கு இருப்பதுபோல வைப்பர் வைத்து ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் ஜன்னலைத் துடைக்கிறார்கள். புற ஊதா விளக்கால் சுடுகிறார்கள். சில கருவிகள் கடல்நீரையே மின்னாற்பகுத்துத் துளி குளோரின் உண்டாக்கிக்கொள்கின்றன. எல்லாமே நாளைத் தள்ளிப்போடும் வழிகள். வைப்பரின் பிரஷ்ஷிலேயே பாசி பிடிக்கும். மோட்டார் நின்று வைப்பர் ஜன்னலின் நடுவிலேயே நின்றுபோகும். அப்போது சென்சார் கடலை விட்டுவிட்டு வைப்பரை அளந்துகொண்டிருக்கும்.

இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் வரைபடத்தைப் பார்த்தவுடன் முதலில் தேடுவது ஒரு செங்குத்தான படியை. பல வாரம் மெதுவாக ஏறிவந்த கோடு ஒரே நாளில் கீழே விழும். அன்று யாரோ படகில் போய்த் துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் படி எவ்வளவு உயரமோ அவ்வளவும் அதற்கு முந்தைய வாரங்களில் சேர்ந்த பொய். துடைத்த நாளைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் முன்னால் உள்ள எண்களைத் திருத்தலாம். எழுதவில்லையென்றால் அது கடலில் நடந்த பெரிய மாற்றமாகவே பதிவாகிவிடும்.

0.45 என்ற கோடு

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பக்கம் போனால் பிரச்சினை வேறு வடிவில் வருகிறது. அங்கே அச்சம் வெப்பம் மட்டுமல்ல. பர்டெகின் போன்ற ஆறுகள் மாட்டுப் பண்ணைகளிலிருந்தும் கரும்பு வயல்களிலிருந்தும் அடித்துவரும் மண்ணும் உரமும். உரம் வந்தால் நீரில் மிதக்கும் நுண்பாசி பெருகும்; பாசியின் அளவைப் பச்சையத்தால் அளப்பார்கள். திட்டுப் பூங்கா ஆணையம் வகுத்த வழிகாட்டு அளவு, ஆண்டுச் சராசரியாக லிட்டருக்கு 0.45 மைக்ரோகிராம் பச்சையம். மிதக்கும் மண்துகளுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம். இந்தக் கோட்டைத் தாண்டினால் அந்தப் பகுதி மோசம் என்று அறிக்கையில் வரும். அதைக் காட்டி விவசாயிகளிடம் உரத்தைக் குறைக்கச் சொல்வார்கள், அரசிடம் பணம் கேட்பார்கள்.

பச்சையத்தைக் கடலில் நேராக அளக்க முடியாது. நீல ஒளியைப் பாய்ச்சினால் பச்சையம் சிவப்பாக ஒளிரும். அந்த ஒளிர்வை அளந்து பச்சையமாக மாற்றுகிறார்கள். மாற்றும் விகிதத்தைத் தொழிற்சாலையில் ஆய்வகப் பாசியை வைத்து நிர்ணயித்து அனுப்புகிறார்கள். உலகம் முழுக்க மிகப் பரவலாகப் பயன்பட்ட ஒரு வகை ஒளிர்வு சென்சாரை 2017-ல் ஒரு குழு ஒப்பிட்டுப் பார்த்தது. தொழிற்சாலை விகிதப்படி வரும் எண், உண்மையான பச்சையத்தைப்போல் சராசரியாக இரண்டு மடங்கு என்று தெரிந்தது. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மடங்கு இல்லை. கடலுக்குக் கடல் மாறியது.

இப்போது 0.45-ஐ நினைத்துப் பாருங்கள். உண்மையில் 0.3 இருக்கும் நல்ல நீர், இரண்டு மடங்காகி 0.6 ஆனால் கோட்டைத் தாண்டிவிடும். ஒரு மாவட்டத்து விவசாயிகளுக்கு எதிரான சாட்சியம் ஒரு பெருக்கல் எண்ணில் தொங்குகிறது. போதாக்குறைக்கு, உச்சி வெயிலில் பாசி தன்னைக் காத்துக்கொள்ள ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும். நண்பகலில் பச்சையம் குறைந்ததுபோலத் தெரிவதற்கு இதுவே காரணம். பாசி அப்படியேதான் இருக்கும்.

இதனால்தான் ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனத்தார் கரையோரத் திட்டுகளில் வைப்பர் பூட்டிய கருவிகளை வைத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. 2005-ல் தொடங்கிய அந்தக் கண்காணிப்புத் திட்டத்தில் படகில் போய்ப் புட்டியில் நீர் அள்ளி, ஆய்வகத்தில் வடிகட்டி, பச்சையத்தைப் பிரித்தெடுத்து அளந்து, கருவியின் எண்ணோடு ஒத்துப் பார்க்கிறார்கள். பழைய முறை, அலுப்பான வேலை. ஆனால் அந்தப் புட்டி இல்லாமல் அந்தக் கருவிக்கு மதிப்பில்லை என்பதே என் கட்சி.

கலங்கலுக்கான அலகு இன்னும் குழப்பமானது. இரண்டு நிறுவனங்களின் கருவிகளை ஒரே தரக்கரைசலில் ஒன்றாகச் சரிசெய்து ஒரே சேற்று நீரில் முக்கினாலும் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒளியின் நிறம், கோணம், துகளின் அளவு, களிமண்ணா மணலா என்பது எல்லாம் எண்ணை மாற்றும். துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டும்போது பக்கத்துத் திட்டைக் காக்கக் 'கலங்கல் இவ்வளவு தாண்டினால் வேலையை நிறுத்து' என்று நிபந்தனை போடுவது வழக்கம். எந்தக் கருவியால் அளந்த 'இவ்வளவு' என்று நிபந்தனையில் எழுதாவிட்டால், சண்டை நீதிமன்றத்துக்குப் போகும்போது இரண்டு தரப்பும் ஆளுக்கொரு எண்ணோடு வரும். மயாமி துறைமுகத்தை 2013 முதல் 2015 வரை ஆழப்படுத்தியபோது எழுந்த வழக்கு ஓர் உதாரணம். பவளங்கள் செத்தது வண்டலாலா, அதே சமயம் பரவிய வெளுப்பாலும் நோயாலுமா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். கால்வாயிலிருந்து அரை கிலோமீட்டருக்குள்ளேயே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பவளங்கள் இறந்திருக்கும் என்ற மதிப்பீடு 2019-ல்தான் வந்தது.

பத்தாண்டை விழுங்கும் பிழை

கடல் அமிலமாகி வருவதை அளப்பதைவிடப் பொறுமையைச் சோதிக்கும் வேலை இல்லை. காற்றில் ஏறும் கார்பன் டை ஆக்சைடைக் கடல் உறிஞ்சுவதால் திறந்த கடலின் பிஹெச் ஆண்டுக்குச் சுமார் 0.002 அளவில் இறங்குகிறது. நல்ல சென்சார் என்று சொல்லப்படுவதே 0.02 தள்ளிக் காட்டினால், அது பத்தாண்டு மாற்றத்தை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். உலகளாவிய அமிலமாதல் கண்காணிப்பு வலையமைப்பு இதற்காகவே இரண்டு தரங்கள் வைத்திருக்கிறது. நாள்தோறும் வரும் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க 0.02 துல்லியம் போதும். அதற்கு 'வானிலை' தரம் என்று பெயர். நீண்டகாலப் போக்கைச் சொல்ல 0.003 வேண்டும்; அது 'பருவநிலை' தரம். வானிலைத் தரத்துக் கருவியை வைத்துக்கொண்டு பருவநிலை முடிவு சொல்லும் அறிக்கைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

0.003 எளிதில் வசப்படாது என்பதால்தான் 2 மில்லியன் டாலர் பரிசு அறிவித்து உலகப் போட்டி வைத்தார்கள். 2015-ல் வெண்டி ஷ்மிட் பெயரிலான அந்த எக்ஸ்பிரைஸ் போட்டியில் துல்லியம், மலிவு என்ற இரண்டு பிரிவிலும் முதல் பரிசைத் தட்டிச்சென்றது சன்பர்ஸ்ட் சென்சார்ஸ். கடலே எட்டாத மொன்டானா மாநிலத்தின் சின்ன நிறுவனம்!

என் பார்வையில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு, நோவாவின் பசிபிக் ஆய்வகம் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு மிதவை. ஹவாயின் கனியோஹே வளைகுடா, ஃப்ளோரிடாவின் சீக்கா ராக்ஸ், போர்ட்டோ ரிக்கோவின் லா பர்கேரா எனப் பல திட்டுகளில் இவற்றை நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீரிலும் காற்றிலும் உள்ள வாயுவை அளக்கிறது. ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன், தன் வயிற்றிலேயே சுமந்துவரும் சிலிண்டரிலிருந்து அளவு தெரிந்த வாயுவைக் கொஞ்சம் இழுத்து, 'இது எவ்வளவு?' என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடே இல்லாத காற்றையும் இழுத்துப் பூஜ்யத்தைச் சரிபார்க்கிறது. அதன் பிறகே கடலைத் தொடுகிறது. பிழை 2 மைக்ரோ அட்மாஸ்பியருக்குள் நிற்கிறது. எண் நகர்ந்தால் என்ன, ஆதாரம் கூடவே பயணம் செய்கிறது. விலையும் எடையும் அதிகம்தான். ஆனால் பல ஆண்டுக் கோட்டை நம்பிப் போட முடிவது இப்படிப்பட்ட கருவியால்தான்.

'நம்பவே முடியாத அளவு அதிகம்'

ஒரு மிதவை பத்து நிமிடத்துக்கு ஓர் எண் அனுப்பினால் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் தாண்டும். மனிதக் கண் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அதனால் கணினியிடம் வடிகட்டும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்குக் குவார்ட்டாட் என்ற பொது விதிமுறை இருக்கிறது. எண் சாத்தியமான எல்லைக்குள் இருக்கிறதா, திடீரென்று துள்ளுகிறதா, அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறதா, பக்கத்து நிலையத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி போடுகிறது. 1 என்றால் தேறியது, 3 என்றால் சந்தேகம், 4 என்றால் தோல்வி. 2 என்றால் இன்னும் சோதிக்கவில்லை. என்னைக் கேட்டால் இதில் மிக நேர்மையானது இந்த 2. சோதிக்காததை நல்லது என்று சொல்லாமல் இருப்பதற்கே ஒரு குறி வைத்திருக்கிறார்கள்.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. 1990-களில் நோவாவின் மயாமி ஆய்வகத்தில் ஜிம் ஹென்டி குழுவினர் ஃப்ளோரிடா கீஸ் நிலையங்களுக்காக ஒரு நிபுணத்துவ மென்பொருள் எழுதினார்கள். பிறகு பஹாமாஸ், வெர்ஜின் தீவுகள் என்று கரீபியனுக்கும் போன 'க்ரூஸ்' பவளத்திட்டு முன்னெச்சரிக்கை நிலையங்களின் வேர் அதுதான். அந்த மென்பொருள் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாது. அனுபவமுள்ள ஆராய்ச்சியாளர் பேசுவதுபோல 'கொஞ்சம் அதிகம்', 'மிக அதிகம்', 'படுமோசமாக அதிகம்' என்று வார்த்தைகளாக மாற்றிக்கொள்ளும். அந்த ஏணியின் உச்சிப் படி 'நம்பவே முடியாத அளவு அதிகம்'. அந்தப் படியில் விழும் எண் கருவிப் பழுது என்று ஒதுக்கப்படும்.

தன் ஆச்சரியத்துக்கும் ஓர் எல்லை வைத்திருக்கும் மென்பொருள் என்ற வகையில் இது எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் அந்த எல்லையில்தான் ஆபத்தும் இருக்கிறது. கடல் மாறிக்கொண்டிருக்கும்போது நேற்றைய அனுபவத்தை வைத்து 'நம்ப முடியாதது' என்று கோடு கிழித்தால், இன்று நடக்கும் உண்மையான பேரிடர் பழுது என்று குப்பைக்குப் போகும்.

பனாமாவின் போக்காஸ் டெல் டோரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 செப்டம்பரில் அங்கே பவளங்கள் கொத்துக்கொத்தாக இறந்தன. வினோதம் என்னவென்றால், ஓர் ஆழத்துக்கு மேலே எல்லாம் ஓரளவு நன்றாக இருந்தன. அதற்குக் கீழே எல்லாம் பிணம். வெப்பம் மட்டும் காரணமென்றால் இப்படிக் கோடு கிழித்தாற்போலச் சாகாது. ஆக்சிஜன் அற்ற நீர் அடியில் தேங்கியதுதான் கொன்றது என்று ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அது மீண்டும் நடந்தது. அதுவரை பவளத்திட்டில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் என்று பெரும்பாலோர் நினைத்ததில்லை. நினைக்காததால் அளக்கவில்லை. அளந்த இடத்திலும் ஆக்சிஜன் எண் சறுக்கினால் 'பாசி பிடித்திருக்கும்' என்று நினைப்பதே இயல்பு. பாசி பிடித்த சென்சாரும் செத்துக்கொண்டிருக்கும் திட்டும் ஒரே மாதிரியான கோட்டை வரைந்து காட்டும்போது, பக்கத்தில் இன்னொரு சென்சாரோ நேரில் இறங்கிப் பார்க்கும் ஆளோ இல்லாமல் பிரித்தறிய வழியில்லை. இரண்டு சென்சார் வைத்தால்கூடச் சங்கடம் உண்டு; முரண்பட்டால் யார் சொல்வது சரி? மூன்று வைக்கப் பணம் யார் தருவது?

துடைக்கிற கை

பணம் என்று வந்தபின் உண்மையைச் சொல்லிவிடலாம். மிதவைத் திட்டங்களுக்குப் பணம் கிடைப்பது வாங்குவதற்குத்தான். தொடக்க விழா இருக்கும், புகைப்படம் இருக்கும். அதன்பின் ஆண்டு முழுவதும் படகு, டீசல், முக்குளிப்பவர் சம்பளம், மாற்று சென்சார், ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கும் செலவு எல்லாம் வரும். சில ஆண்டுகளில் இது கருவியின் விலையையே தாண்டிவிடும். அது திட்ட அறிக்கையில் 'இதர செலவுகள்' என்ற வரியில் ஒளிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. கருவி செய்பவர்கள் விளம்பரத்தில் சொல்லும் துல்லியம் சுத்தமான தொட்டியில், முதல் நாளில் கிடைத்தது. அதைக் கடலில் வைத்துப் பார்த்து உண்மை சொல்லவே அமெரிக்காவில் கடலோரத் தொழில்நுட்பக் கூட்டமைப்பு என்ற அமைப்பு, ஹவாயின் பவளத்திட்டு வளைகுடா உள்படப் பல இடங்களில் வெவ்வேறு நிறுவனங்களின் சென்சார்களை வாரக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுச் சோதித்து அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. வாங்குமுன் அந்த அறிக்கைகளைப் படிக்க ஒரு நாள் போதும்.

குறைவாக அளந்து ஒழுங்காக அளக்கும் வழியும் உண்டு. அக்வாலிங்க் என்ற அமைப்பு பல நாட்டுத் திட்டுகளுக்குச் சிறிய சூரியசக்தி மிதவைகளைக் கொடுக்கிறது. அதில் முக்கியமாக இருப்பது மேற்பரப்பு வெப்பநிலையும் அடித்தரை வெப்பநிலையும். பிஹெச், பச்சையம் என்று பெரிதாக ஆசைப்படவில்லை. உள்ளூர் முக்குளிப்போர், ஆர்வலர்கள் பொறுப்பில் விடுகிறார்கள். ஏழு சென்சார் பூட்டி ஐந்து பொய் சொல்வதைவிட இது எவ்வளவோ தேவலை.

நம் பக்கம் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் திட்டுகள் இருக்கின்றன. ஹைதராபாத்தின் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2011 முதல் செயற்கைக்கோள் வெப்பநிலையை வைத்து இந்தப் பகுதிக்கு வெளுப்பு எச்சரிக்கை வெளியிட்டு வருகிறது. ஆனால் 2010-லும் 2016-லும் எந்தத் தீவில் எவ்வளவு வெளுத்தது, எவ்வளவு பிழைத்தது என்று தெரிந்தது தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் நீருக்கடியில் இறங்கி எண்ணியதால்தான்.

இந்தியாவின் ஆழ்கடல் மிதவைகளைப் பராமரிக்கும் சென்னை பள்ளிக்கரணை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு வேறொரு தலைவலி பழக்கம். மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடுமிடத்துக்குப் படகு வரும். மிதவையில் கயிறு கட்டுவார்கள், வலை சிக்கும், கம்பி அறுந்துபோகும். சில சமயம் சூரியத் தகடும் காணாமல் போகும். கடலோடிகளை வில்லனாக்கிச் சுற்றறிக்கை விடுவதில் பயனில்லை. அந்த மிதவை தரும் காற்று, அலை எச்சரிக்கை அவர்கள் கைப்பேசிக்கு வந்துசேரும் இடங்களில் சேதம் குறையும் என்பது அனுபவப்பட்டவர்கள் சொல்லும் நியாயம்.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குக் கரையிலிருந்து படகில் சீக்கிரம் போய்விடலாம். அங்கே முக்குளிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை; சங்கு குளித்த தலைமுறைகள் இன்னும் கரையில் இருக்கின்றன. நாளை இங்கே பவளத்திட்டுக்கென்று நீர்த்தர மிதவை வாங்க டெண்டர் விட்டால் நான் முதலில் பார்க்கும் பக்கம் சென்சார் பட்டியல் அல்ல. மழைக்காலத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைப்பது, அந்தப் படகுக்கூலி யார் கணக்கில், துடைத்த தேதியை எந்தக் குறிப்பேட்டில் யார் கையெழுத்திட்டு எழுதுவது, அந்தக் குறிப்பேடும் எண்களோடு சேர்த்துப் பொதுவில் வருமா என்று சொல்லும் பக்கம்.